விமானிகளுக்கு உகந்தது போலரைஸ்டு கண்ணாடியா?

“விமானிகள் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடிதான் அணிய வேண்டும்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி, பிள்ளைகளை விமானப் பயிற்சிக்கு அனுப்பும் நெல்லைப் பெற்றோரிடையே பரவி வருகிறது. இது தவறு.

போலரைஸ்டு என்பது, பரப்புகளில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசவைக்கும் ஒளியை வடிகட்டும் கண்ணாடி. தாமிரபரணி நீரின் பளபளப்பை அடக்கி உள்ளிருக்கும் மீனைக் காட்டும் அதே தன்மை, விமானி அறையில் ஆபத்தாகிறது: எல்சிடி திரைகளில் தெரியும் அளவீடுகள் பார்க்கும் கோணத்தைப் பொறுத்து மங்கலாம் அல்லது முற்றிலும் மறையலாம், அடுக்குகளால் ஆன முகப்புக் கண்ணாடியில் பட்டை பட்டையாகக் கோடுகள் தோன்றலாம், எல்லாவற்றினும் கவலைக்குரியதாக, எதிரே வரும் மற்றொரு விமானத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒளித்தெறிப்பே புலப்படாமல் போகலாம். அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமும் விமானிகளுக்குப் போலரைஸ்டு கண்ணாடிகளைப் பரிந்துரைப்பதில்லை. சாம்பல், சாம்பல்பச்சை, பழுப்பு ஆகிய நிறங்களில், ஒளியில் 15 முதல் 30 சதவீதத்தை உள்ளே விடும் கண்ணாடிகளை அது பரிந்துரைக்கிறது. அவற்றுள் நிறங்களை மிகக் குறைவாகத் திரிப்பது சாம்பல் என்பதால் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். வெயிலில் தானாகக் கறுக்கும் வகை, புறஊதாக் கதிரின் ஒரு பகுதியை முகப்புக் கண்ணாடி தடுத்துவிடுவதால், உள்ளே போதிய அளவு கறுப்பதில்லை.

வண்ணார்பேட்டைக் கடையில் வாங்குமுன், கண்ணாடியைக் கால்குலேட்டர் திரைக்கு முன் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். எண்கள் மறைந்தால் அது போலரைஸ்டு.