பத்து நாள் பேசினால் போன் படுக மொழி கற்றுக்கொள்ளுமா?

“போனின் குரல் உதவியாளரிடம் 10 நாள் படுக மொழியில் பேசினால், அதே மொழியில் பதில் சொல்லும்” என்று, படுகர்கள் வாழும் நீலகிரியின் கோத்தகிரி பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. ஒரு மொழி புரிய, பலரின் பேச்சுப் பதிவுகளை வைத்து முன்பே பயிற்சி தந்திருக்க வேண்டும். ஒரு வீட்டுப் பேச்சு அதற்குப் போதாது. பாட்டிகளைப் போன் முன்னால் உட்காரவைத்துச் சிரமப்படுத்தாதீர்கள்.

சரி, குரல் உதவியாளர் ஆளுக்கேற்ப மாறவே மாறாதா? மாறும். உங்கள் குரலை அடையாளம் காணும், சேமித்த பெயர்களைப் பிடித்துக்கொள்ளும். உரையாடும் விதமும் மாறலாம். லிட்மன், பான் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ரயில் நேரம் சொல்லும் தொலைபேசி அமைப்பு, பேச்சு சரியாகப் புரியவில்லை என்று கணித்ததும் நிதானமாகக் கேட்டு உறுதிசெய்யும் முறைக்கு மாறியது. ஆனால் அது புது மொழி எதையும் கற்கவில்லை.