தங்க முலாம் நாற்காலிக்குத் தங்க நிறப் பெயின்ட் தேவையில்லை

“பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி காலத்து நாற்காலியை வரையும்போது மெட்டாலிக் தங்க நிறம் பூசினால்தான் முலாம் போலத் தெரியும்” என்று ஒருவர் மாதிரிப் படம் ஒன்றையும் இணைத்துச் சொல்லியிருக்கிறார். அது சரியல்ல. அச்சுக்குப் போகும் படத்தில் அது நேர்மாறாகத்தான் முடியும். அந்தப் பெயின்டின் பளபளப்பு பெரும்பாலும் மைக்கா என்ற மினுங்கும் கனிமத்தின் துகளிலிருந்து வருவது. ஸ்கேன் செய்தால் மங்கிய பழுப்பாக விழும், செதுக்கலின் மேடுபள்ளமும் காணாமல் போகும்.

சாதாரண வாட்டர்கலரே போதும். முதலில் யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), நன்றாக நீர்த்து. காய்ந்ததும் பள்ளங்களில் பர்ன்ட் அம்பரோடு (அடர் பழுப்பு) துளி அல்ட்ராமரீன் (அடர் நீலம்). வெளிச்சத்திலிருந்து இருளுக்குச் சட்டென்று மாற வேண்டும். ஈரத்தில் இழைத்து மென்மையாக்கினால் பாலிஷ் போட்ட மரம் போலாகிவிடும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பள்ளத்தின் உள்விளிம்பில் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு): அடுத்தடுத்த சுருள்கள் ஒன்றையொன்று பிரதிபலிப்பதால் அங்கே சூடான ஆரஞ்சு தெரியும். கடைசியில் வெள்ளை குவாஷில் (அடி நிறத்தை மறைக்கும் நீர்வண்ணம்) துளி லெமன் யெல்லோ கலந்து, மேட்டின் உச்சியில் மட்டும் சின்னச் சின்னப் புள்ளிகள். அதிகம் வைத்தால் பிளாஸ்டிக்.

தங்க ரேக்குக்கு அடியில் பெரும்பாலும் சிவந்த களிமண் பூச்சு இருக்கும். கைதாங்கியின் முனையில் தங்கம் தேய்ந்து அது எட்டிப் பார்க்கும். அதையும் லேசாகக் காட்டுங்கள், பழமை தானாக வரும்.

இன்னொன்று: அவர் மாதிரியாக இணைத்த படத்தில் கால்கள் நேராக, கீழே குறுகி, நெடுக்குப் பள்ளங்களோடு இருக்கின்றன. அது பதினாறாம் லூயி பாணி. பதினைந்தாம் லூயி நாற்காலிக்கு வளைந்த காப்ரியோல் கால்தான்.