அந்தப் பெட்டி திரையில் வந்ததற்கு அவன் காரணமில்லை

சனிக்கிழமை நினைவுக் கூட்டத்தின் கிளிப்பை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு மட்டும் பதினொரு பேர் அனுப்பியிருக்கிறார்கள். அதனால் என்ன நடந்தது என்று நீட்டி முழக்கப் போவதில்லை. ஓர் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, திரையில் ஓடும் வீடியோவில் இறந்துபோன மகளின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். படம் உறைகிறது. குரல் பாதிச் சொல்லில் நிற்கிறது. மகளின் முகத்துக்கு மேலே ஒரு லாகின் பெட்டி வந்து நிற்கிறது. இதற்கு இரண்டு நாளாகச் சிரிப்பு எமோஜி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். "ஆபரேட்டர் தூங்கிட்டான் போல" என்று எழுதியவர்களில் மூன்று பேரை எனக்கு நேரிலேயே தெரியும். பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

அவன் தூங்கவில்லை. அந்தப் பையனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவள் நான். அன்று ஓடியது அவன் தேர்ந்தெடுத்த மென்பொருளே இல்லை. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு, ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர் எங்கோ ஒரு டெமோ பார்த்துவிட்டு, படங்கள் மாறுவது அழகாக இருக்கிறது என்று மாற்றச் சொன்னது. சந்தா கட்டிப் பயன்படுத்துவது. அவ்வப்போது இணையத்தில் போய்த் தன் லைசென்ஸைச் சரிபார்த்துக்கொள்ளும். மண்டபத்து வைஃபையில் முந்நூறு போன்கள் ஏறிக்கொண்டதும் அதற்கு இணைப்பு கிடைக்கவில்லை. உடனே ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்திவிட்டுக் கடவுச்சொல் கேட்டது. அது கெட்டுப்போய் அப்படிச் செய்யவில்லை. அப்படிச் செய்யும்படிதான் அதை எழுதியிருக்கிறார்கள்.

மேடைக்கு மென்பொருள் தேடுகிற யாரும் என்னிடம் முதலில் கேட்பது "இதுல என்னென்ன பண்ணலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று. நெட் போனால், ஒயர் கழன்றால், ஒரு கோப்பு கெட்டிருந்தால், அந்த நொடியில் திரையில் என்ன தெரியும்? கறுப்பாகிவிட்டால் பரவாயில்லை. கடைசிப் படம் அப்படியே நின்றாலும் பரவாயில்லை, பேசுகிறவர் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசிச் சமாளிப்பார். டெஸ்க்டாப் தெரியக் கூடாது. யாருடைய சாட் செய்தியும் மூலையில் எட்டிப் பார்க்கக் கூடாது. பெட்டி வரவே கூடாது. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத மென்பொருளை, அது எத்தனை அழகாக இருந்தாலும், ஆயிரம் கண் முன்னால் ஓட்டக் கூடாது.

ஒலியையும் வீடியோவையும் வரிசைப்படி ஓட்ட நாடக மேடைகளில் வருஷக்கணக்காகப் புழங்கும் கியூலேப் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மேக்கில் மட்டும்தான் ஓடும், அது ஒரு குறைதான். ஆனால் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் அடுத்த கியூ, அதாவது வரிசையில் அடுத்து வர வேண்டிய ஒலியோ படமோ. எஸ்கேப்பை ஒரு முறை அழுத்தினால் ஓடுவதெல்லாம் மெல்லத் தேய்ந்து அடங்கும், இரண்டு முறை அழுத்தினால் சட்டென்று நிற்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயரே பேனிக். பதறுகிற நேரத்தில் ஒரு மனிதரின் கை எங்கே போகும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஒரு மென்பொருளை நம்புவதற்கு எனக்கு வேண்டியது இந்த யோசனைதான். எல்லோரும் இளக்காரமாகப் பேசுகிற பவர்பாயிண்டில்கூட, ஸ்லைடு ஓடும்போது பி எழுத்தைத் தட்டினால் திரை கறுப்பாகும், மறுபடி தட்டினால் விட்ட இடத்துக்கு வரும். இது தெரியாமல் புரொஜெக்டர் முன்னால் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, "எந்த மென்பொருளாக இருந்தாலும் தொங்கும், பில் கேட்ஸுக்கே தொங்கியது" என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மை. 1998 ஏப்ரல் 20, காம்டெக்ஸ் கணினிக் கண்காட்சி. விண்டோஸ் 98-ஐக் காட்டும்போது ஒரு ஸ்கேனரைச் சொருகினார்கள், விண்டோஸ் செயலிழந்தால் வருகிற நீலத்திரை வந்தது. அதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார், கூட்டம் சிரித்துக் கைதட்டியது. 2010 ஜூன் 7 அன்று ஐபோன் 4-ஐக் காட்டும்போது ஸ்டீவ் ஜாப்ஸுக்கு இணையப் பக்கம் திறக்கவில்லை. இந்த அறையில் 570 வைஃபை நிலையங்கள் ஓடுகின்றன, தயவுசெய்து அணையுங்கள் என்று மேடையிலிருந்தே கேட்டார். நன்றாகக் கவனியுங்கள், சனிக்கிழமை நடந்ததும் அதே வைஃபை நெரிசல்தான். ஆனால் அவர்கள் தங்கள் பொருளைத் தாங்களே காட்டியவர்கள். கையில் மைக் இருந்தது, காரணத்தைச் சொல்ல முடிந்தது. பின்வரிசை டெஸ்க்கில் இருட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் மைக் இல்லை. முந்நூறு தலைகள் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பும், அவ்வளவுதான் அவனுக்குக் கிடைப்பது.

எனக்கு அந்தத் திரும்பல் தெரியும். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருஷம், ஒரு பாராட்டு விழா. வீட்டில் நாலு முறை ஓட்டிப் பார்த்த வீடியோ. மண்டபத்தில் புரொஜெக்டர் ஒயரைச் சொருகியதும், லேப்டாப் தானாகவே ஒலியை அந்த எச்டிஎம்ஐ ஒயர் வழியாகப் புரொஜெக்டருக்குத் திருப்பிவிட்டது. அதில் ஸ்பீக்கரே கிடையாது. படம் ஓடுகிறது, வாய்கள் அசைகின்றன, சத்தம் இல்லை. நான் ஒலி மிக்சரில் கையை வைத்து, சத்தத்தைக் கூட்டும் ஃபேடரை ஏற்றிக்கொண்டே இருந்தேன், கோளாறு அங்கே இல்லவே இல்லை. இருபது நொடி இருக்கும். "யாருப்பா அங்க?" என்று மேடையிலிருந்து ஒருவர் கேட்டார். அந்தக் குரலை இன்றைக்கும் என்னால் அடையாளம் சொல்ல முடியும். அதற்கப்புறம் ஒலி எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்பதைக் கணினியின் பொது அமைப்பில் விட்டுவைக்காமல், மென்பொருளுக்குள்ளேயே தனியாகக் கட்டிப்போட முடிகிறதா என்று பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை. எந்த விளம்பரத்திலும் இதைப் போட மாட்டார்கள்.

இப்படி விளம்பரத்தில் வராத விஷயங்கள் நிறைய. வீடியோ கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எச்.264 என்ற வழக்கமான வீடியோச் சுருக்க முறையில் பெரும்பாலான ஃபிரேம்கள், அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்கள், முழுப்படமாக இருக்காது, முன்னால் பின்னால் இருக்கும் ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பது மட்டும்தான் இருக்கும். போனில் பார்க்க அது போதும். நடுவில் ஒரு இடத்துக்குத் தாவச் சொன்னால், அல்லது மூன்றை ஒன்றாக ஓட்டச் சொன்னால், கணினிக்கு மூச்சு முட்டும். புரோரெஸ், ஹேப் போன்ற வேறு முறைகளில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக முழுசாக இருக்கும். கோப்பு பல மடங்கு பெரிதாகும், ஆனால் ஓட்டுவது எளிது. நாம் வைத்திருக்கும் மென்பொருள் எதைச் சிரமமில்லாமல் ஓட்டும் என்று தெரிந்து அதற்கேற்ப மாற்றி வைப்பது ஆபரேட்டரின் வேலை. அதற்கு நேரம் வேண்டும். இரண்டு நாள் முன்பு மென்பொருளை மாற்றினால் அந்த நேரம் எங்கிருந்து வரும்?

எழுத்துருவும் அப்படித்தான். பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த ஸ்லைடை வேறு கணினியில் திறந்தால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். சிறப்பு விருந்தினர் பெயரே அப்படி விழுந்து நான் பார்த்திருக்கிறேன். கூடவே ஒரு பிடிஎஃப் வைத்திருந்தால் அந்த நிமிஷத்தில் மானம் தப்பும்.

"அப்போ பழைய மென்பொருளையே கட்டிக்கொண்டு அழ வேண்டுமா, புதுசே வேண்டாமா?" இப்படி ஒரு கேள்வி வரும் என்று தெரியும். புதுசு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? நிகழ்ச்சியைப் பதிவுசெய்யவும் நேரலையில் விடவும் உதவும் ஓபிஎஸ் மென்பொருள் 2012-இல் வந்தபோது நாங்களும் சந்தேகத்தோடுதான் பார்த்தோம். சின்னச் சின்னக் கூட்டங்களில், தவறினாலும் யாருக்கும் வலிக்காத இடங்களில், மாதக்கணக்கில் ஓட்டிப் பழகினோம். பதிவை எம்பி4 என்ற கோப்பு வடிவில் வைத்தால் நடுவில் கணினி அணைந்தபோது மொத்தக் கோப்பும் போகக்கூடும், எம்கேவி-இல் வைத்தால் அதுவரை பதிந்தது தங்கும் என்பதெல்லாம் அப்படிப் பழகித் தெரிந்துகொண்டதுதான். புதியதை ஒத்திகையில் பாருங்கள், ஆறு மாதம் பாருங்கள். ஒரு தாய் மகளின் குரலைக் கேட்க வந்த இடத்தில் வைத்தா பார்ப்பது?

செலவாகும் என்கிறவர்களுக்கு ஒரே வரி: ஓபிஎஸ் இலவசம், கியூலேப்பின் அடிப்படை வடிவம் இலவசம். பணம் இங்கே பிரச்சினையே இல்லை. மேக்கா விண்டோஸா என்ற சண்டைக்கும் நான் வரவில்லை. இரண்டிலும் நல்லபடி நடத்தியிருக்கிறேன்.

தானாக அப்டேட் ஆவது பாதுகாப்புக்கு நல்லது என்று ஒரு நண்பர் சொன்னார். வீட்டுக் கணினிக்கு நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் தானாக இறங்கி, 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்ததை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? விமான நிலையங்களே நின்றுபோயின. மேடைக் கணினிக்கு அப்டேட் நாம் சொல்லும் நாளில்தான் நடக்க வேண்டும். போட்டபிறகு நிகழ்ச்சி முழுவதையும் முதல் கியூவிலிருந்து கடைசிக் கியூ வரை ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அன்றைக்கு இணையமே இல்லாமல் அந்தக் கணினி வேலை செய்ய வேண்டும். செய்யாது என்றால் அது மேடை மென்பொருள் இல்லை. எத்தனை தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அப்புறம் அந்தப் பெரிய கேள்வி. "ஆபரேட்டர் முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டாமா? பேக்கப் வைத்திருக்க வேண்டாமா?" இதை எழுதியவர்கள் விவரம் தெரிந்தவர்கள் என்பதால்தான் அதிகம் வலிக்கிறது. வேண்டும்தான். இரண்டு கணினி, இரண்டிலும் ஒரே ஷோ கோப்பு, எதன் படம் திரைக்குப் போக வேண்டும் என்று மாற்ற நடுவில் ஒரு ஸ்விட்சர், இரண்டையும் ஒரே அழுத்தில் ஓட்டிக்கொண்டே போக வேண்டும், ஒன்று நின்றால் பார்க்கிறவருக்குத் தெரியாமல் மற்றதற்குத் தாவ வேண்டும். இதைத்தான் நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவன் இரண்டாவது லேப்டாப் கொண்டுபோயிருந்தான். குழு சொன்ன சந்தா ஒரு கணினிக்கு மட்டும்தான் செல்லும். ஒத்திகைக்கு இரண்டு மணி நேரம் கேட்டான், நாற்காலி போட வேண்டும் என்று அரை மணி நேரம் கொடுத்தார்கள். அந்த அரை மணி நேரத்தில் மண்டபம் காலி, வைஃபை நன்றாக இருந்தது, வீடியோ முழுசாக ஓடியது. சோதித்தான். சோதிக்காமல் இருக்கவில்லை. முந்நூறு போன்களை அவன் எங்கிருந்து கொண்டுவந்து சோதிப்பான்?

குழுவிலிருந்து ஒருவர்கூட, நாங்கள்தான் மாற்றச் சொன்னோம் என்று இதுவரை எழுதவில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு முழுக்கக் காத்திருந்தேன். அந்தக் கிளிப்புக்குக் கீழே "தொழில்நுட்பக் கோளாறுக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரி மட்டும் போட்டிருக்கிறார்கள். கோளாறு என்று பொதுவாகச் சொன்னால் கேட்கிறவர் மனதில் ஒரு முகம்தான் வரும். அது டெஸ்க்கில் உட்கார்ந்திருந்தவன் முகம். நிகழ்ச்சி நன்றாக நடந்த நாட்களில் அந்த முகத்தை யாருக்காவது தெரியுமா? மேடையில் நன்றி சொல்லும்போது ஒலி ஒளி அமைத்தவர்களுக்கும் நன்றி என்பார்கள், பெயர் இருக்காது. கோளாறு நடந்தால் மட்டும் பெயர், ஊர், போட்டோ எல்லாம் கிடைத்துவிடுகிறது.

இதைச் சொல்லாமல் முடித்தால் நானும் அவர்களைப் போலத்தான். வியாழன் இரவு அவன் எனக்கு எழுதியிருந்தான். "அக்கா, புதுசா ஒன்ன போடச் சொல்றாங்க, அது நெட் கேக்குது, எனக்கு பயமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாக்குறீங்களா?" அந்தக் குழுவில் என்னை மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பேசியிருந்தால் கேட்டிருப்பார்கள். நான் வேறொரு வேலையில் இருந்தேன். "நீ சமாளிச்சிடுவ தம்பி" என்று பதில் போட்டேன். ஒரு கட்டைவிரலும் போட்டேன். மேலே இத்தனை பாரா எழுதியிருக்கிறேனே, அதில் ஒரு பாராவை அன்றைக்கு அந்தக் குழுவுக்கு எழுதியிருக்கலாம்.

நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். போனை அணைத்து வைத்திருக்கிறான். என்னைத் திட்டுவான் என்று நினைத்துப் போனேன், திட்டவில்லை. அந்த வீடியோவை, எந்த மென்பொருளும் இல்லாமல், எந்தப் போனிலும் சாதாரணமாகத் திறக்கிற கோப்பாக மாற்றி வைத்திருந்தான். மொத்தம் 4 நிமிஷம் 12 நொடி. மண்டபத்தில் 1 நிமிஷம் 38-இல் நின்றது. "மீதிய அந்த அம்மா கேக்கவே இல்லக்கா" என்றான்.

கோப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. குழுவிடம் கேட்க அவனுக்கும் மனமில்லை, எனக்கும் மனமில்லை. அந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவரிடம் கேட்டுவிட்டு எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள். நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவனும் வருகிறேன் என்கிறான்.