ஃபைல் எது என்று கேட்காமல் பிளேயரைப் பற்றிப் பேசாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் வாட்ஸப் குழுவில் நடந்ததைப் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் அந்தத் தம்பி கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, ஃப்ளாக் பாட்டு கேட்க நல்ல பிளேயர் எது வாங்கலாம்?" (ஃப்ளாக் என்பது ஒலியை ஒன்றும் குறைக்காமல் சேமிக்கும் ஃபைல் வகை. பிளேயர் என்பது பாட்டு கேட்பதற்கென்றே உள்ள கையடக்கக் கருவி.) வந்த பதில்களில் பாதி சிரிப்புப் பொம்மை. மீதி, அறுபதாயிரம் ரூபாய் பிளேயரின் லிங்க். "தம்பி, உன்னிடம் இருக்கிற பாட்டெல்லாம் எங்கிருந்து எடுத்தது?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முதலில் கேட்க வேண்டியதே அதுதான். ஃபைல் சரியில்லை என்றால் எந்த பிளேயராலும் ஒன்றும் செய்ய முடியாது. சி.டி.யில் இருப்பது நொடிக்கு 44,100 சாம்பிள், அதாவது ஒலியை அத்தனை முறை அளந்து எழுதிய எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். இடது, வலது இரண்டு சேனலுக்கும் சேர்த்தால் நொடிக்கு 1,411 கிலோபிட். ஃப்ளாக் அதில் ஒரு பிட்டைக்கூட விடாமல் சுருக்கி வைக்கிறது. எம்பி3 அப்படி இல்லை, காதுக்குத் தெரியாது என்று அது நினைப்பதை வெட்டி எறிந்துவிடும். வெட்டியது வெட்டியதுதான். அதே எம்பி3-ஐ ஃப்ளாக்காக மாற்றி 'ஒரிஜினல் குவாலிட்டி' என்று பரப்புகிறார்களே, கூழ் பிழிந்த மாங்கொட்டையை மறுபடி பழமாக்க முடியுமா? ஸ்பெக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, பாட்டில் எந்த அதிர்வெண் வரை ஒலி இருக்கிறது என்று படமாகக் காட்டும். பாட்டை அதில் இழுத்துப் போடுங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் எல்லாம் ஒரே கோட்டில் சட்டென்று நின்றுவிட்டால், அது பெரும்பாலும் 128 கிலோபிட் எம்பி3-தான். பழைய ஒலிப்பதிவுகளில் மேல்பகுதி மெல்ல மெல்லத் தேய்ந்து போயிருக்கும், அது வேறு.

இதை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது இன்டர்நெட் இல்லை. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கேசட் பதிந்து கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் அந்த அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, ரெக்கார்டு இருக்கிற பாட்டுக்கு மட்டும் டிக் போடுவார். கேசட்டில் இருந்து கேசட்டுக்கு எடுத்துத் தரச் சொன்னால் முகம் மாறிவிடும். "எடுக்க எடுக்க இரைச்சல்தான் தம்பி கூடும், பாட்டு கூடாது" என்பார். ஒவ்வொரு முறையும் பதிவதற்கு முன் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து டேப் ஹெட்டைத் துடைப்பார். பஞ்சு பழுப்பாக வந்தால் இன்னொரு பஞ்சு எடுப்பார். லிஸ்ட் கொடுத்தவன் காரில் வந்தவனா, டவுன் பஸ்ஸில் வந்தவனா என்று அவர் பார்த்ததே இல்லை.

சரி, "போனிலேயே கேட்டால் என்ன?" என்கிறீர்கள். கேட்கலாம். பல போன்கள் நொடிக்கு 44,100 சாம்பிளை 48,000 ஆக மாற்றித்தான் வெளியே அனுப்பும். ஆனால் ஒன்றிரண்டாயிரம் ரூபாய்க்கு நல்ல டாக் டாங்கிளும் (போனில் சொருகி, டிஜிட்டல் பாட்டை இயர்போனுக்கு ஒலியாக மாற்றித் தரும் சின்னக் கருவி), நேரடியாக அதற்கு அனுப்பும் ஒரு ஆப்பும் போதும், குறையே இல்லை. ஒத்துக்கொள்கிறேன். இதை அந்தத் தம்பியிடம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாமே? ஏன் சிரித்தீர்கள்? அஞ்செட்டி காட்டு ரோட்டில் பஸ் போகும்போது சிக்னல் வராது, ஸ்ட்ரீமிங் நின்றுவிடும். ஷிப்ட் முடிந்து வருகிறவனின் போனில் சார்ஜ் இருக்காது. அவனுக்குத் தனி பிளேயர் வேண்டும் என்று தோன்றியதில் என்ன தப்பு?

எல்டாக் புளூடூத்தில் லாஸ்லெஸ், அதாவது ஒன்றும் குறையாத பாட்டு, கேட்பதாகக் குழுவில் சொன்னவருக்கு ஒரு வார்த்தை. எல்டாக் என்பது புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை, அதன் உச்சமே நொடிக்கு 990 கிலோபிட், அதுவும் வெட்டித்தான் அனுப்புகிறது. அதற்கு வயர்தான் நல்லது.

"320-க்கும் (320 கிலோபிட் எம்பி3) ஃப்ளாக்குக்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியாது" என்று ஒருவர் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தார். பல பாட்டில், பல பேருக்குத் தெரியாதுதான். ஆனால் ஃப்ளாக்கில் ஒருமுறை எடுத்து வைத்தால் நாளைக்கு எந்த வடிவத்துக்கும் அதிலிருந்து மாற்றிக்கொள்ளலாம், மூலம் குறையாமல் அப்படியே இருக்கும். அது போதாதா? அதற்குப் பிறகு அவர் எழுதினாரே, "கம்பெனி பஸ்ஸில் போறவனுக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்று. காதுக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்? பாட்டை முழுசாகக் கேட்க ஆசைப்படுவதற்கு எங்கள் ஊர்ப் பையன் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? இதை வேறு யாராவது எழுதியிருந்தால் விட்டிருப்பேன். எழுதியவர் பாலக்கோட்டில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். அவர் வீட்டில் அந்தக் காலத்தில் டேப் ரெக்கார்டர் கிடையாது, எங்கள் வீட்டுக்கு வந்துதான் கேட்பார்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அறுபதாயிரம் வேண்டாம். மெமரி கார்டு போட இடம் இருக்கிறதா பார், 128 ஜிபி கார்டில் ஃப்ளாக் பாட்டு சில ஆயிரம் அடங்கும். இயர்போன் சொருக 3.5 மிமீ ஓட்டை இருக்க வேண்டும். பேட்டரி உன் ஷிப்டுக்கும் பஸ்ஸுக்கும் தாங்க வேண்டும். 24 பிட், 192 (நொடிக்கு 1,92,000 சாம்பிள்) என்று பெட்டியில் எழுதியிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதே, சி.டி.யின் 44,100-லேயே 22 கிலோஹெர்ட்ஸ் வரை வந்துவிடும், மனிதக் காது 20-ஐத் தாண்டாது. மிச்சம் பிடிக்கிற காசை நல்ல இயர்போனில் போடு. பழைய ஐபாட் யாராவது தந்தால் அது ஃப்ளாக் பாடாது, ஆலாக்காக (ஆப்பிளின் அதே மாதிரியான வடிவம்) மாற்ற வேண்டும். அதில் எதுவும் குறையாது. அப்புறம், உன்னிடம் இருக்கிற சி.டி.க்களை எடுத்துக்கொண்டு அடுத்த வார லீவில் வீட்டுக்கு வா. ரிப் செய்வது, அதாவது சி.டி.யில் இருந்து பாட்டை ஃபைலாக எடுப்பது, எப்படி என்று உட்கார வைத்துக் காட்டுகிறேன். பிளேயரை அதற்கப்புறம் வாங்கலாம்.