டிஸ்ப்ளே வரலைன்னா உடனே போர்டு போச்சா?

"மதர்போர்டு போயிடுச்சு மேடம். 18,500 ஆகும். டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல, இங்க ஒரு சைன் போடுங்க."

என் லேப்டாப்பின் பாகங்களையெல்லாம் இணைக்கும் மெயின் போர்டே போய்விட்டது என்று சொல்வதற்கு முன் அந்த சர்வீஸ் சென்டர் ஆள் என்ன செய்தார் தெரியுமா? பவர் பட்டனை அழுத்தினார். திரை கறுப்பாக இருந்தது. மூடிவிட்டார். ஸ்குரூ டிரைவரைத் தொடக்கூட இல்லை. பக்கத்து மேஜையில் ஒரு மானிட்டர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு எச்டிஎம்ஐ ஒயரை லேப்டாப்பில் செருகி, படம் வருகிறதா என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கேட்டேன். "அதெல்லாம் தேவையில்ல மேடம், தினமும் இதைத்தானே பாக்கறோம்." தினமும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்றால் எத்தனை பேர் தலையில் தேவையில்லாத போர்டைக் கட்டியிருப்பார்கள்!

ஃபேன் ஓடுகிறது என்றேன். கேப்ஸ் லாக்கை அழுத்தினால் விளக்கு எரிந்து அணைகிறது என்றேன். விண்டோஸ் திறக்கும் சத்தம்கூடக் கேட்கிறது. செத்துப்போன போர்டு எப்படிச் சத்தம் போடும்? அதற்கு அவர் சொன்ன பதில்: "வீட்ல சார் யாராவது இருந்தா பேசச் சொல்லுங்க மேடம்."

வந்ததே கோபம். போனில் டார்ச்சைப் போட்டு, திரைமேல் சாய்வாக அடித்துக் காட்டினேன். உள்ளே மங்கலாக மணியும் தேதியும் தெரிகின்றன, லாகின் பக்கம் அப்படியே நிற்கிறது. எல்சிடி திரை தானாக ஒளிராது. பின்னாலிருக்கும் எல்இடி வெளிச்சம் கொடுத்தால்தான் படம் கண்ணுக்குத் தெரியும். அது எரியவில்லை, அவ்வளவுதான். "அதுக்கு சப்ளை போர்டுலேர்ந்துதான் மேடம் போகுது" என்கிறார். சரி, போகிறதா இல்லையா என்று மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை. ஆனால் 'பார்த்த கூலி' மட்டும் 500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 590. எதைப் பார்த்ததற்கு?

என் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் நின்றிருந்தாள். அவளுக்கும் இதே தீர்ப்பு. ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறதாம். அம்மாவுக்குப் போன் போட்டு, பணம் கேட்கத் தயங்கித் தயங்கிப் பேசினாள். எனக்கு வயிறெரிந்தது அங்கேதான். அவளிடமும் சொன்னேன், சைன் போடாதே, முதலில் வேறு கடையில் காட்டு என்று.

அப்புறம் நேராக சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட். ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத்தான் கடை. அந்தப் பையன் முதல் வேலையாக மானிட்டரில் செருகினான். படம் பளிச்சென்று வந்தது. "ராம் மெமரி, பிராசசர், போர்டு எல்லாம் ஓகேக்கா. இதுல வரலன்னாதான் ராமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்ச்சுப் பாக்கணும். போர்டு அதுக்கெல்லாம் அப்புறம்." திரையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தை நெம்பி எடுத்து, கீல் பக்கம் காட்டினான். மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி மடங்கி, டிஸ்ப்ளே கேபிளின் உறை ஓரிடத்தில் கிழிந்திருந்தது. உள்ளே தலைமுடி மாதிரி ஒரு ஒயர் அறுந்து நீட்டிக்கொண்டிருந்தது. புதுக் கேபிளும் கூலியும் சேர்த்து 1,400 ரூபாய். என் கண் முன்னாலேயே மாட்டிக் கொடுத்தான். பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை.

எங்கே 1,400, எங்கே 18,500! தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லலாமே. பார்க்காமலேயே போர்டு என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது பகல் கொள்ளை.

இவ்வளவுக்குப் பிறகு அந்த சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வருகிறது. "ரேட்டிங் கேட்டு ஒரு மெசேஜ் வரும் மேடம், பத்துக்குப் பத்து போட்டுடுங்க." ரேட்டிங் இருக்கட்டும். நான் கொடுத்தது 65 வாட் சார்ஜர், பையில் போட்டு அனுப்பியிருப்பது யாருடையதோ பழைய 45 வாட். முதலில் என் சார்ஜரைக் கொடுங்கள்!