ஒரு மணிநேரக் கச்சேரிக்கு யார் உபயம்?

திருகோணமலைக் கடைத்தெருவுக்குச் சங்கீதத்துக்காகச் செலவழிக்க மனமில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நானும் கடைக்காரன்தான், கொப்பியும் பேனையும் விற்கிறவன். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வருகிற இரவுகளில் வந்து பாருங்கள். கடைக்குக் கடை நிறைகுடம், வாழை, மின்விளக்கு. சுவாமிக்கு முன்னே மேளம் வந்துவிடும். சந்தியில் நாதஸ்வரக்காரர் தோடி ராகத்தைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தால் நேரமாகிறதே என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் கடையைப் பூட்டிக்கொண்டு போகிறவர் ஒருவரும் இல்லை. தனி ஆவர்த்தனத்துக்குத் தவில்காரர்கள் இருவரும் எதிரெதிரே திரும்பியதும், கல்லாவில் இருந்தவரும் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார்.

எங்கள் ஊர்க் கோயில்களில் இந்தத் திருவிழா இன்ன குடும்பத்து உபயம், அந்தத் திருவிழா இன்ன வணிகர்களின் உபயம் என்று தலைமுறை தலைமுறையாக வருகிறது. யாழ்ப்பாணத்து அளவெட்டியிலிருந்தும் இணுவிலிலிருந்தும் மேளம் பிடிக்கும்போது கணக்குப் பார்ப்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறவர்கள் நாங்கள்.

இதே மனிதர்களிடம் வானொலியில் ஒரு மணிநேரக் கர்நாடக இசைக்கு அனுசரணை கேட்டுப் பாருங்கள். முகம் மாறிவிடும். “அதெல்லாம் அரசாங்க வானொலிதானே போடும்?” என்பார்கள். சினிமாப் பாட்டு நிகழ்ச்சி என்றால் விளம்பரம். சாஸ்திரிய இசை என்றால் அரசாங்கம். இந்தப் பிரிவினை எப்படி எங்கள் மனதில் குடியேறியது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

கொழும்பில் 1925இல் தொடங்கிய வானொலி 1949இல் ரேடியோ சிலோன் ஆயிற்று. அடுத்த ஆண்டே வர்த்தக சேவை வந்தது. 1952இல் இந்தியாவில் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. அகில இந்திய வானொலியில் அதை ஓரங்கட்டிச் சாஸ்திரிய இசைக்கு இடம் கொடுத்தார். பாட்டு கேட்க ஆசைப்பட்ட இந்தியர்கள் வானொலி முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஒரு பற்பசையின் பெயரைத் தலையில் சுமந்துகொண்டு ‘பினாக்கா கீத்மாலா’ தொடங்கியது. அமீன் சயானியின் குரலில் இந்திய உபகண்டமே அதைக் கேட்டது. டெல்லி 1957இல் விவித பாரதியைத் தொடங்க நேர்ந்ததற்கு எங்கள் கொழும்பு நிலையமும் ஒரு காரணம். பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையோடு ஒரு பழக்கமும் வந்துவிட்டது. அங்கே சாஸ்திரிய இசைக்கு அரசாங்கம் காசு கொடுத்தது. இங்கே சினிமாப் பாட்டுக்குப் பற்பசை காசு கொடுத்தது.

எங்கள் தமிழ்ச் சேவையும் அதே கூரையின் கீழ் வளர்ந்ததுதான். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று நினைத்தாலே காதில் ஒலிக்கிற குரல்கள் வர்த்தக ஒலிபரப்பில் புகழ்பெற்றவை. கச்சேரிகளுக்குத் தேசிய சேவை என்று பாகம் பிரித்தாயிற்று. 1967இல் அரசாங்க வானொலி கூட்டுத்தாபனம் ஆன பிறகும் அந்த எண்ணம் போகவில்லை. எங்கள் குடும்பங்கள் வானொலிக்குப் பணம் கட்டியது என்றால் அநேகமாக மரண அறிவித்தலுக்குத்தான். உயிரோடு இருக்கும்போது ஒரு நல்ல காம்போதி ராகத்துக்குக் கட்டியிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி இரவு நேரத்தில் மத்திய அலையில் கடல் தாண்டி வந்துவிடும். என் தகப்பனார் காலத்தவர்கள் பெரிய வித்துவான்களைக் கேட்டது அதில்தான். அதாவது பக்கத்து நாட்டின் வரிப்பணத்தில் இனாமாகச் சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இனாமாகக் கிடைத்த பொருளுக்கு யாரோ எங்கோ பணம் கட்டுகிறார் என்ற நினைப்பு வருவதில்லை.

அமெரிக்காவில் இதை வேறு மாதிரிச் செய்கிறார்கள். அங்கே மேற்கத்தேய சாஸ்திரிய இசையை மட்டும் ஒலிபரப்புகிற நிலையங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. சில முன்பு முழு வர்த்தக நிலையங்களாக இருந்தவை. நியூயோர்க்கின் டபிள்யூ.கியூ.எக்ஸ்.ஆர். நீண்டகாலம் நியூயோர்க் டைம்ஸ் நிறுவனத்தின் சொத்து. 2009இல் அந்நகரத்துப் பொது வானொலியின் கைக்கு மாறியது. சியாட்டிலின் கிங் எப்.எம். 2011இல் விளம்பரத்தை விட்டுவிட்டு நேயர்களின் நன்கொடையில் வாழத் தொடங்கியது. விளம்பரத்தால் பிழைக்க முடியாத இசை, நேயர் கொடுக்கிற சிறு தொகையையும் உள்ளூர் வணிகர் கொடுக்கிற அனுசரணையையும் வைத்துப் பிழைக்கிறது.

அந்த அனுசரணைக்கு அவர்கள் வைத்திருக்கிற விதிகள்தான் எனக்குப் பிடித்தவை. கொடுத்தவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறார், என்ன தொழில் செய்கிறார் என்று சொல்லலாம். விலை சொல்லக்கூடாது. “இதுவே சிறந்தது” என்று சொல்லக்கூடாது. மற்றக் கடையோடு ஒப்பிடக்கூடாது. “இன்றே வாருங்கள், வாங்குங்கள்” என்று அழைக்கக்கூடாது. இது நிலையத்தின் நல்ல மனசு அல்ல, அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழுவின் சட்டம். 1984இல் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனாலும் அடிப்படை அப்படியே இருக்கிறது. கைபேசியில் ஒரு நிலையத்தைப் போட்டுக் கேட்டால் தெரியும். ஒரு சிம்பொனி முழுவதும் ஓடி முடியும். பிறகு அமைதியான குரல், இன்ன ஊர்க் கண்ணாடிக் கடையின் ஆதரவில் இந்த நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டு அடுத்த இசைக்குப் போய்விடும். கண்ணாடிக் கடைக்காரரின் பெயர் என் நினைவில் நின்றுவிட்டது. கூவி விற்கிறவர்களின் பெயர் நிற்பதில்லை.

2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டொலரை இரத்துச் செய்தது. 1967ஆம் ஆண்டின் சட்டப்படி உருவாகி, அந்தப் பணத்தை நிலையங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவந்த அமெரிக்கப் பொது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் அடுத்த மாதமே கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. நிலையங்களுக்கெல்லாம் சேர்த்து இசை உரிமக் கட்டணத்தைப் பேசி முடித்ததும் அதே கூட்டுத்தாபனம்தான். இசையே தொழிலாக இருக்கிற நிலையத்துக்கு அந்த அடி இரட்டிப்பு. ஊருக்குள் வேர் விட்டிருந்த நிலையங்கள் நேயர்களிடமும் தெருக்கடைகளிடமும் போய் நின்றன. அரசாங்கப் பணத்தையே பெரிதும் நம்பியிருந்தவற்றுக்கு எங்கே போய் நிற்பது என்றே தெரியவில்லை. “அரசாங்க வானொலிதானே போடும்” என்கிற என் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அரசாங்கமே செலவழிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் யாழ்ப்பாணத்து நல்லை ஆதீனத்துக்குப் போக வேண்டியவன் கொழும்பு பஸ்ஸுக்காகக் காத்திருக்க முடியாது.

சென்ற வருடம் வானொலியில் ஒரு மணிநேரக் கச்சேரி போடுகிற சிறு முயற்சிக்காகக் கடைகளுக்கு ஏறி இறங்கினேன். மத்திய வீதிப் பக்கத்துப் புடவைக் கடை முதலாளி. எனக்கு மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தேநீர் வரவழைத்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, எங்கள் கடைப் பெயர் எத்தனை தரம் வரும்?”

“ஆரம்பத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை, அண்ணன்.”

“நடுவில்?”

“நடுவில் பாட்டு.”

அவர் சிரித்தார். “ஆலாபனை இழுத்துக்கொண்டு போகிற நேரத்தில் ஒரு தரம் சொன்னால் என்ன? சனம் அலுத்துப்போய் இருக்கும்.”

கோபம் வந்தது. ஆனால் அவரை முழுதாகக் குறை சொல்லவும் முடியவில்லை. ஒரு தனியார் வானொலியில் சரணம் முடிவதற்கு முன்னால் கீர்த்தனையை வெட்டிக் கோழித்தீவன விளம்பரம் போட்டதை நானே கேட்டிருக்கிறேன். காசு கொடுத்தால் எங்கும் நுழையலாம் என்று வானொலிகளே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும்போது அவர் வேறு எப்படிக் கேட்பார்? கடைசியில் நான் சொன்னது ஒன்றுதான்: “அண்ணன், உங்கள் திருவிழா அன்று தோடி நடுவில் மேளத்தை நிறுத்தி உங்கள் கடைப் பெயரைச் சொல்லச் சொல்வீர்களா?” பதில் சொல்லவில்லை. ஆனால் கொடுத்தார்.

கொடுப்பவர் பாடகரைத் தெரிவு செய்யக்கூடாது என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதலாளியின் மருமகள் அரங்கேற்றம் முடித்த கையோடு வானொலிக்கு வந்துவிடுவார். (மருமகள்மாரில் நன்றாகப் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் குரல் தேர்வு வழியாக வரட்டும்.) ஒரு நாளுக்கு வாரிக் கொடுப்பதைவிட மாதாமாதம் சிறிதாகக் கொடுப்பதே நிலையத்துக்கு உதவி. ஒருநாள் பணத்தில் மேடைப் பதாகை அடிக்கலாம். நிகழ்ச்சி நடத்த முடியாது.

பணம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: பாட்டுக்காரர் உள்ளூரிலேயே கிடைத்துவிடுவார். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் யாழ்ப்பாணத்து இராமநாதன் நுண்கலைப் பீடத்திலும் படித்துவிட்டு, பள்ளிக்கூடங்களில் சங்கீத ஆசிரியர்களாக இருக்கும் பிள்ளைகள் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவதோடு அவர்கள் குரல் நின்றுவிடுகிறது. தட்டுப்பாடு அணிசெய் கலைஞர்களுக்குத்தான். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும். மிருதங்கத்தை மடியில் வைத்தபடி இரவு பஸ்ஸில் வந்து, காலையில் வாசித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பிப் போகிறவருக்கு என்ன கொடுத்து அனுப்புகிறோம்? அவருடைய சன்மானம், பயணச் செலவு, ஒரு நல்ல ஒலிப்பதிவு, பதிவை அழியாமல் சேமித்து வைக்கிற ஏற்பாடு. இவ்வளவுதான் செலவு. ஒரு தேர்த் திருவிழாவின் வாணவேடிக்கைக்கு முன்னால் இது ஒரு தொகையே அல்ல.

ஒலிபரப்ப வசதி இல்லை என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். 1980களில் ஜேர்மனியின் டொயிச்சே வெலே வானொலி தன் சிற்றலை மறுஒலிபரப்பு நிலையத்தைக் கட்ட எங்கள் மாவட்டத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. ஜேர்மன் செய்தி திருகோணமலைக் கரையிலிருந்து ஆசியா முழுவதும் போனது. பிறகு அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. உலகத்துக்கெல்லாம் குரல் அனுப்பிய மண்ணிலிருந்து, சம்பந்தர் பதிகம் பாடிய தலத்தின் பிள்ளைகள் ஒரு மணிநேரம் பாடி அனுப்ப முடியாதா? கிழக்குக்கென்று பிறை எப்.எம்., வடக்குக்கென்று யாழ் எப்.எம். என்று அந்தக் கூட்டுத்தாபனம் பிராந்திய சேவைகளைத் தொடங்கியது. பிராந்திய சேவைகளிடம் போய், “நேரத்தைத் தாருங்கள், செலவு எங்களுடையது, விதிகள் இவை” என்று கேட்க ஓர் ஊர் வேண்டும்.

இது இந்துக் கடைகளின் வேலை மட்டும் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஸ்ரீரங்கத்து ஷேக் சின்ன மௌலானாவின் நாதஸ்வரத்தை மதம் பார்த்தா கேட்டோம்? இந்த யோசனையைக் கேட்டதும் முதலில் “எவ்வளவு?” என்று கேட்டவர் மூதூரிலிருந்து வந்து இங்கே இரும்புக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர்தான். பெயர் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். வானொலியில் பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும், அதுதான் விதி என்று நான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

வர்த்தகர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை முன்வைக்கப் போகிறேன். செயலாளர் தம்பி இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: நிகழ்ச்சிநிரலில் ‘ஏனைய விடயங்கள்’ என்பதன் கீழ் இதைப் போட்டுவிடாதீர்கள். அந்த இடம் வருவதற்குள் பாதிப்பேர் பற்றிஸ் தட்டைத் தேடி எழுந்துவிடுகிறார்கள்.