கோடிரம்ப் திவாலாகவில்லை
டிரம்ப் சொந்தமாக ஒரு பயண முன்பதிவு நிறுவனத்தைக் கட்டியெழுப்பி, பல வருஷம் நடத்தி, கடைசியில் திவாலானார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை நண்பரே. அவர் சொல்லும் அந்தப் பயண முன்பதிவுத் தளமான கோடிரம்ப்.காம் (GoTrump.com) 2006 ஜனவரியில் தொடங்கியது, 2007லேயே மூடியாகிவிட்டது. விமான டிக்கெட், ஓட்டல் அறை எல்லாம் பதிவானது டிராவலாசிட்டி என்ற இணையப் பயண முன்பதிவு நிறுவனத்தின் அமைப்பு வழியாகத்தான். முகப்பில் இருந்த பெயரும் படமும் மட்டுமே டிரம்புடையவை. பெயரைக் கொடுத்து, வேலையை இன்னொருவரிடம் விடும் ஏற்பாடு அது.

திவால் மனு போட்ட டிரம்ப் நிறுவனங்கள் வேறு: 1991இல் அட்லாண்டிக் சிட்டியின் தாஜ்மகால் சூதாட்ட விடுதி, 1992இல் நியூயார்க்கின் பிளாசா ஓட்டல், இன்னும் சில. அந்தப் பட்டியலில் இந்தத் தளம் கிடையாது. அவரை விமர்சிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மூடியதையும் திவாலானதையும் ஒன்றாக்கி எழுதினால் படிப்பவர்கள் அதையே நம்பிவிடுவார்கள். தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.